ஐஸ் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும்

ஐந்து வருடம் நான் இன்னொருவரின் ஐஸ் பெட்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்தேன். இறந்தவரைக் கிடத்தி வைக்கும் கண்ணாடிப் பெட்டி. காரைக்குடியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் அவருக்குக் கடை. பாடைச் சாமான், பந்தல், நாற்காலி, கூடவே மூன்று பெட்டிகள். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். நான் வீடுகளுக்கு ஏசி சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தவன். அவருடைய பெட்டி ஒன்று கூலாகவில்லை என்று கூப்பிட்டார், போனேன், சரிசெய்தேன். அதற்குப் பிறகு அந்த மூன்று பெட்டிகளும் என் கையில்தான் ஓடின.

முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னை மெக்கானிக்காக மட்டும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. திரும்பி வருகிற பெட்டியின் உள்தகட்டைக் கழுவுகிற ஆள் ஒரு நாள் வரவில்லை. "நீயே ஒரு தண்ணிய ஊத்தி விட்ரு" என்றார். ஊற்றிவிட்டேன். அப்புறம் அதுவும் என் வேலையாகிவிட்டது. ஒரு நாள் சாவு வீட்டுக்காரர்கள் நான்கு பேர் கடையில் நிற்கிறார்கள். பெட்டி கிளம்பத் தாமதமாகிறது. அவர்களைச் சமாதானப்படுத்த என்னைக் காட்டி, "பொணத்தண்ணி தொடைக்கிற பய இப்பத்தேன் வந்தான், அஞ்சு நிமிஷம் இருங்க" என்றார். நான் கையில் ஈரத் துணியோடு நின்றேன். நான்கு பேரும் என்னைப் பார்த்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார்கள்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன், நானே ஒரு பெட்டி வாங்கப் போகிறேன் என்று. அவள் ரசத்தை ஊற்றிவிட்டு, "வாங்குங்க. ஆனா வீட்டுக்குள்ள கொண்டுவராதீக" என்றாள். அவ்வளவுதான் எங்கள் ஆலோசனை.

மதுரையில் ஒருவர் தொழிலை விட்டுவிட்டுப் பெட்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். கம்ப்ரசர் போயிருந்தது. கண்ணாடி மூடியின் ஓரத்தில் ஒரு விரிசல். மற்றபடி நல்ல தகடு, நல்ல உடம்பு. கொண்டுவந்து கம்ப்ரசர் மாற்றி, கேஸ் ஏற்றி, புதுக் காற்றாடி போட்டேன். வைக்க இடம் தேடியதுதான் பெரிய பாடு. கோட்டையூரில் பஸ் நிறுத்தம் பக்கத்தில் ஒரு கடை காலியாக இருந்தது. உரிமையாளர் முன்பணம் பற்றிக்கூடப் பேசிவிட்டார். "என்ன வியாபாரம்?" என்று கடைசியில் கேட்டார். சொன்னேன். அவர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சாவியை நேராக மடியில் வைக்கவில்லை. குழாயடியில் கழுவி வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். நான் பார்க்கும்படி செய்தார்.

மானகிரிக்குப் போகும் ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு மாவு மில் கொட்டகை கிடைத்தது. தகரக் கூரை. பக்கத்தில் வீடு எதுவும் இல்லாததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. பெட்டியை அங்கே வைத்து, உள்ளே எடைக்குத் தண்ணீர் கேன்களை வரிசையாகப் படுக்க வைத்து, ஒரு பகல் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். கூரைச் சூட்டில் எனக்கு வியர்த்து ஊற்றியது. கேன்களுக்குள் தண்ணீர் சிலீரென்று ஆகிவிட்டது. அந்தச் சாயங்காலம் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சொந்தமாக ஒரு பொருள் வைத்திருப்பவனின் சந்தோஷம்.

கார்டு அடிக்கப் போனேன். அச்சுக் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "படம் என்ன போடட்டும் சார்? பூ, விளக்கு, பறவை எல்லாம் இருக்கு" என்றாள். படமே வேண்டாம் என்றேன். "ஐஸ் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும்", கீழே போன் நம்பர். அவ்வளவுதான். ஒரு நூறு பேருக்குக் கொடுத்திருப்பேன். டீக்கடைக்காரர்கள், ஆம்புலன்ஸ் டிரைவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் விற்கிறவர். வாங்கியவர்களில் பாதிப் பேர் நான் திரும்பியதும் கீழே போட்டுவிட்டார்கள். நானே போய்ப் பொறுக்கினேன், மறுபடி கொடுக்கலாமே என்று.

முதலாளியிடம் நான் சொல்லவில்லை. அவர் கூப்பிடும்போது, உடம்பு சரியில்லை, வெளியூர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

மூன்று வாரம் ஒரு போனும் வரவில்லை.

அந்த மூன்று வாரத்தில் நான் எப்படி ஆனேன் என்பதைச் சொல்ல வேண்டும். டவுன் பஸ்ஸில் போகும்போது வயதானவர்கள் ஏறினால் எழுந்து இடம் கொடுப்பேன், முன்பும் கொடுத்திருக்கிறேன். இப்போது இடம் கொடுத்துவிட்டு அவர்களுடைய கால் வீக்கத்தைப் பார்த்தேன். மூச்சு வாங்குவதைக் கவனித்தேன். எந்த ஸ்டாப்பில் இறங்குகிறார்கள் என்று மனதில் குறித்துக்கொண்டேன். சங்குச் சத்தம் கேட்டால் யார் என்று கேட்பதற்கு முன், யாருடைய பெட்டி என்று போய் எட்டிப் பார்ப்பேன். முதலாளியுடையதாகத்தான் இருக்கும். காலையில் எழுந்ததும் வாட்ஸப்பில் யாராவது கண்ணீர் அஞ்சலிப் படம் போட்டிருக்கிறார்களா என்று தேடுவேன். இருந்தால் எரிச்சல் வரும், எனக்குப் போன் வராமலே போய்விட்டார்களே என்று.

அப்போதுதான் என் கூட்டாளியின் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகப் படித்தவன். மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அந்த அம்மா கையால் நான் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன். கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்கள். ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனேன். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். "பிள்ளைக எப்புடி இருக்கு? ஒனக்கு வேல எப்புடிப் போகுது?" என்று கேட்டார்கள். "நல்லாப் போகுதும்மா" என்றேன்.

வெளியே வராந்தாவில் கூட்டாளியிடம் என் கார்டைக் கொடுத்தேன். நான் திட்டமிட்டுப் போகவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் சட்டைப் பையில் கார்டுகளோடுதான் போனேன்.

"எதுக்கும் வச்சுக்கடா" என்றேன்.

அவன் வாங்கிப் படித்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "அம்மா இன்னும் பேசிக்கிட்டுத்தான்டா இருக்காக" என்றான்.

"தெரியும்டா. நம்ம ஆளு இருக்கேன்னு ஒரு இதுக்குச் சொன்னேன்."

"சரி" என்றான். கார்டை மடித்தான். பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, போடாமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். என்னைக் கூப்பிடவில்லை. நான் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினேன்.

அதற்கு நான்கு நாள் கழித்து, காலை பத்தரை மணி இருக்கும், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஆண் குரல், அழுகையில் உடைந்திருந்தது. "ஐஸ் பெட்டிக்காரருங்களா? வலையபட்டி. எங்க பெரியவரு தவறிட்டாக. ஊருணிக்கு எதிர்த்தாப்ல, வாசல்ல ரெண்டு யான செலை இருக்கும். சீக்கிரம் வாங்க, பிள்ளைக எல்லாம் அமெரிக்காவுல இருந்து வரணும், ரெண்டு நாள் ஆகும்."

இரண்டு நாள் என்றதும் என் மனதுக்குள் என்ன வந்ததோ அதை மறைக்க விரும்பவில்லை. குதித்தது. மனைவியிடம் சொன்னபோது அவளுக்கும் முகம் மலர்ந்தது. பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

வாடகைக்கு ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்தேன். டிரைவரோடு இரண்டு சுமைக்காரர்கள். பெட்டியைத் துடைத்து, புது வெள்ளைத் துணி விரித்து, வெயிலில் கண்ணாடி சூடாகாமல் இருக்க மேலே சாக்குப் போட்டுக் கட்டிக்கொண்டு போனோம். யானைச் சிலை வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. வாசலில் கூட்டம் இல்லை, பந்தல் இல்லை, நாற்காலி இல்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் இருப்பதே இரண்டு பேர்தான், சொந்தக்காரர்கள் இனிமேல்தான் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கதவு திறந்திருந்தது. சாவு வீட்டில் யாரும் வா என்று கூப்பிடமாட்டார்கள், நாமேதான் போக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, முன்னால் நான், பின்னால் சுமைக்காரர்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக உள் வளவுக்குப் போய் இறக்கினோம்.

அங்கே, முற்றத்து வெளிச்சத்தில், நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டைச் சுற்றி அவருக்கு முகச்சவரம் நடந்துகொண்டிருந்தது. பாதி முகம் மழித்தாகிவிட்டது. மறு பாதியில் சோப்பு நுரை. சவரம் செய்கிறவர் கத்தியை அந்தரத்தில் நிறுத்திவிட்டார்.

பெரியவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "யாருக்கு?" என்றார்.

"ஐயா... போன் வந்துச்சு. இங்க பெரியவரு தவறிட்டதா."

"இந்த வீட்ல பெரியவரு நாந்தேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி, ஆச்சி, வந்தார்கள். பெட்டியைப் பார்த்ததும் கை தானாகக் கழுத்துக்குப் போய்த் தாலியைப் பிடித்துக்கொண்டது. ஒரு தூணைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். பின்னால் வீட்டு டிரைவர் ஓடி வந்து வாசல் கதவைச் சாத்தினான்.

நான் போனை எடுத்து நம்பரைக் காட்டினேன். கைகூப்பினேன். யாரோ விளையாடிவிட்டார்கள் ஐயா, எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். டிரைவர், "போலீசுக்குச் சொல்லட்டுங்களாய்யா?" என்றான். பெரியவர் கையை ஆட்டி அவனை நிறுத்தினார்.

"என்ன நீளம் இது?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆறரை அடிங்க ஐயா."

"நீ என்ன ஒயரம்?"

"அஞ்சே முக்கா."

"எடம் தாராளமா இருக்கும். படு."

எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னார், குரலை உயர்த்தாமல். "எனக்குன்னு கொண்டாந்துருக்க. வேல செய்யுதான்னு நான் பாக்கணும்ல. உள்ள படு. இல்லேன்னா அவன் போலீசக் கூப்புடட்டும். ஒனக்கு எது தோதுன்னு நீயே சொல்லு."

சுமைக்காரர்களைப் பார்த்தேன். இருவரும் சுவரோரமாக ஒதுங்கிவிட்டார்கள். நான் மூடியைத் தூக்கினேன். பிளக் பாயிண்ட் எங்கே என்று என் கண் பழக்கத்தில் தேடியது. ஆச்சிதான் சொன்னார்கள், அதுவரை வாய் திறக்காதவர்கள்: "பிளக்கு அந்தத் தூணுக்குப் பின்னாடி இருக்கு."

டிரைவர் வயரை மாட்டினான். நான் ஏறிப் படுத்தேன். மூடியை மூடினார்கள்.

புது வெள்ளைத் துணிக்கு அடியில் தகடு முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு முதுகில் குளிர் ஏறியது. நான் ஐந்து வருடம் இந்தப் பெட்டிகளை வெளியிலிருந்து பார்த்தவன், உள்ளிருந்து அதன் சத்தத்தைக் கேட்டதே இல்லை. புதுக் காற்றாடி சீராக ஓடியது. என் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. அதன் வழியாகப் பார்த்தால் டிரைவர் போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுக்கிறான். பெரியவர் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். "நீ வேலையப் பாரு" என்று அவர் சொன்னது உள்ளே மெதுவாகக் கேட்டது. மிச்சப் பாதிச் சவரம் நடந்தது. அது முடிகிறவரை நான் படுத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சவரம் செய்கிறவர் பாவம், அவசரப்பட்டார். பெரியவர் "மெதுவா, மெதுவா" என்றார்.

எனக்குப் பல் கிட்டியது. ஆத்திரம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம் இல்லை. எழுந்து ஓடுகிற அளவுக்கு எனக்கு என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அதனால் கைகளை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, அசையாமல் கிடந்தேன். அசையாமல் கிடந்தால் சீக்கிரம் முடியும் என்று பட்டது.

கடைசியில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். வழவழவென்று மழித்த முகம். விரல் முட்டியால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினார். "போதும், தொறந்து விடு. நல்லாத்தேன் கூலாகுது." நான் இறங்கி நின்றபோது கால் நடுங்கியது. அவர் என் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, "நான் போனா ஒங்கிட்ட எடுக்கக் கூடாதுன்னு எழுதி வச்சுட்டுத்தேன் போவேன். கொண்டு போ" என்றார்.

வண்டியில் திரும்பும்போது சுமைக்காரர்கள் முதலில் என் பக்கம் பார்க்காமலே வந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு வண்டி டிரைவரும் சிரித்தான். "மன்னிச்சுக்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அப்புடியே கெணத்தடிக்குப் போங்க. தலைக்குக் குளிச்சுட்டு உள்ள வாங்க" என்றாள். நான் பிணத்தைத் தொட்டவன் இல்லையே என்றேன். "படுத்துட்டு வந்துருக்கீகள்ல" என்றாள். அவளும் பயந்துதான் சொன்னாள். ஆனால் அன்று எனக்கு அது பயமாகத் தெரியவில்லை.

அந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி எதிரே இருக்கிற டீக்கடைக்காரர் எடுத்தார். காலையில் அந்தப் போனிலிருந்து பேசியது யார் என்று கேட்டதும், அவசரம் என்று வாங்கிப் பேசிய ஆளைக் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்லிவிட்டார். நேராக முதலாளியின் கடைக்குப் போனேன்.

அவர் மூங்கில் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். "நீங்கதானே அண்ணே?" என்றேன்.

"ஆமா" என்றார். மறுக்கவே இல்லை. அழுகையில் உடைந்த அந்தக் குரலை நான் அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

"ஏண்ணே இப்புடிப் பண்ணுனீக?"

"அஞ்சு வருசம் எம் பெட்டியத் தொட்டுத் தொட்டுத் தொழில் கத்துக்கிட்ட. ஒரு வார்த்த சொன்னியா? ஒடம்பு சரியில்லன்னு பொய் சொன்ன. எம் பெட்டி ரெண்டு தடவ பாதியில நின்னுச்சு. சாவு வீட்டுக்காரன் என் சட்டையப் புடிச்சான். அப்ப நீ கார்டு குடுத்துக்கிட்டுத் திரிஞ்ச."

அவர் மூங்கிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நாலு அடி வாங்கிட்டு வருவன்னுதேன் நெனச்சேன். படுப்பன்னு நெனைக்கல. கேட்டதும் எனக்கு மத்தியானச் சோறு நல்லா எறங்குச்சு."

அவர் அப்போதே கேட்டிருந்தார் என்றால் படம் ஊரைச் சுற்றத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் என் தம்பி முறையுள்ள ஒருவனே எனக்கு அதை அனுப்பினான், அது நான்தானா என்று கேட்டு. கண்ணாடிக்குள் கைகட்டிப் படுத்திருக்கும் என் முகம், பின்னணியில் சவரக் கத்தியின் சரசரப்பு, கடைசியில் இறங்கி நின்று நான் நடுங்குவது. கீழே யாரோ பூமாலைப் படம் போட்டிருந்தார்கள்.

தொழில் அத்தோடு முடிந்தது என்று இருந்தேன். ஆனால் பத்து நாள் கழித்துக் கோட்டையூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "அந்தப் படத்துல வந்த பெட்டிக்காரருங்களா? எங்க அப்பா தவறிட்டாரு. ஒங்க பெட்டி நல்லாக் கூலாகும்போல, அந்த நடுக்கம் நடுங்குனீகளே." அதுதான் என் முதல் வாடகை. அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அதைப் பார்த்துத்தான் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். அந்த மாதத்தில் இன்னொன்றும் வந்தது, அதே காரணத்துக்காக.

பிறகு ஒரு நாள் காலையில் என் கூட்டாளியின் அம்மா இறந்துபோனார்கள். எனக்குச் செய்தி வாட்ஸப்பில் வந்தது. என் பெட்டி கொட்டகையில் சும்மாத்தான் இருந்தது. போன் வரும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தேன். வரவில்லை. மாலை வாங்கிக்கொண்டு மனைவியோடு போனேன். அம்மாவைக் கிடத்தியிருந்தது முதலாளியின் பெட்டியில்.

கூட்டாளி என்னைப் பார்த்தான். கையைப் பிடித்தேன், விட்டுவிட்டான். "அக்கா கோலாலம்பூர்லருந்து நாளைக்கு மத்தியானந்தேன் வருவா. அதுவரைக்கும் வச்சுருக்கணும்" என்று பொதுவாக எல்லாருக்கும் சொல்வதுபோலச் சொன்னான். வேறு பெட்டி எடுத்ததைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்தக் கார்டு எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். மூன்றில் இரண்டாவது. அதன் காற்றாடி மோட்டாருக்குள் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தது. மாற்றச் சொல்லி இரண்டு தடவை முதலாளியிடம் நானே சொல்லியிருந்தேன். இந்த வெயில் முடியட்டும், ஓட்டு என்றார். மாலையை வைக்கக் குனிந்தபோது சத்தம் கேட்டது. ஓட்டத்துக்கு நடுவில் ஒரு கரகரப்பு, நிற்பதுபோல இழுத்துப் பிறகு ஓடும். சாயங்காலம் வரை தாங்கலாம். மறுநாள் மத்தியானம் வரை நிச்சயம் தாங்காது. காற்றாடி நின்றால் மோட்டார் சூடாகி, கம்ப்ரசர் தானே அணைந்துவிடும். வெளியே சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும், பார்ப்பவர்களுக்கு ஓடுவதுபோலவே தெரியும்.

ஒரு வார்த்தை போதும். அல்லது ஒன்றும் சொல்லாமல் பக்கத் தகட்டைக் கழற்றி ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால்கூட மறுநாள் வரை ஓடியிருக்கும். ஸ்குரு டிரைவர் என் பைக்கின் டூல் பெட்டியிலேயே இருந்தது. நான் வெளியே வந்து பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன். முதலாளியின் ஆள் ஒருவன் அங்குட்டும் இங்குட்டும் நடந்து பூச்சாடி வைத்துக்கொண்டிருந்தான். அவன் காதில் அந்தச் சத்தம் விழவில்லை. நான்கு மணிக்குக் கிளம்பினேன். மனைவி கேட்டாள், "இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேணாமா?" என்று. "வேல இருக்கு" என்றேன். ஒரு வேலையும் இல்லை. அன்று நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

காலையில் ஒன்பது மணிக்குப் போனபோது பெட்டியை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். விடியும்போதுதான் கவனித்தார்களாம். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. பெரியவர்கள் கூடிப் பேசி, இனிமேல் வைக்கக் கூடாது என்று எட்டு மணிக்கே எடுத்துவிட்டார்கள். வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஊதுபத்தி வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. எனக்குப் பழக்கமான வாசனை.

அக்கா இரண்டு மணிக்கு வந்தார்கள். டாக்சியிலிருந்து இறங்கி, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் உள்ளே போனவர்கள், ஈரத் தரையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். "எங்க?" என்று கேட்டார்கள். மறுபடியும் "எங்கடா?" என்று தம்பியிடம் கேட்டார்கள். அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். நான் பந்தலில் இருந்தேன். அந்த அழுகை வெளியே கேட்டது.

பதினாறாம் நாள் முடிந்து மறுநாள் கூட்டாளி அக்காவைக் கூட்டிக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தான். நான் பெட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன்தான் முதலில் பேசினான். "அன்னைக்கு ஒம் மேல கோவத்துல அங்க போயிட்டேன்டா. ஒன்னயக் கூப்ட்ருக்கணும்" என்றான். "விடுடா" என்றேன்.

அக்கா பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். "தம்பி, எனக்கு ஒண்ணு தெரியணும். இது எப்புடி நிக்கும்? கரண்டு இருந்துச்சுன்னு சொல்றாக."

பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டினேன். இதுதான் காற்றாடி, இது நின்றால் உள்ளே சூடு ஏறும், பிறகு இது அணைந்துவிடும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்பதுபோலக் கேட்டார்கள்.

"நிக்கப்போகுதுன்னு முன்னாடியே தெரியுமா?"

"பழகுன காதுக்குத் தெரியும்க்கா. சத்தம் மாறும்."

"நீங்க அன்னைக்கு வந்தீகள்ல. மாறியிருந்துச்சா?"

கூட்டாளியும் என்னைப் பார்த்தான்.

"எல்லாரும் அழுதுகிட்டு இருந்தாக. எங் காதுல விழலக்கா" என்றேன்.

அக்கா தலையாட்டினார்கள். கையை நீட்டிக் காற்றாடியின் ஒரு இறக்கையை விரலால் மெதுவாகச் சுழற்றிவிட்டார்கள். அது சத்தமில்லாமல் சுற்றியது. "கடைசியா மொகத்தப் பாக்கணும்னுதான் பறந்து வந்தேன்" என்றார்கள். பிறகு முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறிக்கொண்டார்கள். அடுத்த வாரம் கோலாலம்பூர் திரும்பிவிட்டார்கள்.

அந்தச் சாவு வீட்டில் பெட்டி நின்ற கதை என் படத்தைவிட வேகமாகப் பரவியது. முதலாளி இப்போது பந்தலும் நாற்காலியும் மட்டும்தான் கொடுக்கிறார். எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என்னிடம் மூன்று பெட்டியும் சொந்தமாக ஒரு வண்டியும் இருக்கின்றன. காற்றாடிகளை வருடத்துக்கு ஒரு முறை, நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுகிறேன். மனைவி இப்போது என்னைக் குளிக்கச் சொல்வதில்லை. நானே குளித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

அதிகமாக ஆள் அனுப்புவது கூட்டாளிதான். அவன் கடைக்கு வருகிறவர்கள், தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள் என்று யார் வீட்டில் என்றாலும் என் நம்பரைக் கொடுத்துவிடுகிறான். போன மாதம்கூட ஒரு பெண் கூப்பிட்டார். அவருடைய மாமியார் இறந்துவிட்டார், மகன் துபாயிலிருந்து வர வேண்டும். "ஒங்க கூட்டாளி சொன்னாக. ஒங்க பெட்டின்னா பயமில்லாம வைக்கலாம், அவுக அம்மாவுக்கு நடந்த மாதிரி நடக்காதுன்னு."

"நடக்காதும்மா" என்றேன். வீடு எந்தத் தெரு என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.